என் பெயரில் வந்த ராஜினாமா

கண் தெரிந்தவர்களுக்கு அடி விழுவதற்கு முன்னால் ஒரு நொடி கிடைக்கும். கை ஓங்குவது தெரியும். முகத்தைத் திருப்பலாம், குனியலாம், கையைக் குறுக்கே வைக்கலாம். எனக்கு அந்த நொடி கிடையாது. குழம்புக்கு உப்பு போட்டுக்கொண்டிருப்பேன், கன்னத்தில் இடி இறங்கும். பல்லுக்கு நடுவில் நாக்கு மாட்டிக்கொள்ளும். கரண்டி தரையில் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் அடித்துவிட்டான் என்பதே புத்தியில் ஏறும்.

கல்யாணமான புதிதில் அப்படித்தான் இருந்தது. பிறகு கற்றுக்கொண்டேன். என் புருஷன் வலது கையில் இரும்புக் காப்பு போட்டிருந்தான். கையைத் தூக்கினால் அது முழங்கைப் பக்கம் சரிந்து சட்டைத் துணியில் உரசும். கூடவே மூச்சை இழுத்து நிறுத்துவான். இரண்டும் சேர்ந்து கேட்டால் தலையை மார்போடு ஒட்டிக்கொள்வேன். அடி உச்சந்தலையில் விழும். அங்கே விழுந்தால் வெளியே தெரியாது, மறுநாள் வேலைக்குப் போகலாம்.

நான் ஒரு பல்கலைக்கழகத்தில் வரலாறு நடத்துகிறேன். பிறந்தது ஆண்டிமடம் பக்கம், முந்திரித் தோப்பு வைத்திருக்கிற வீட்டில். சின்ன வயதிலேயே விழித்திரை கெடத் தொடங்கியது. பள்ளிக்கூடம் முடிவதற்குள் கரும்பலகை மறைந்தது, கல்லூரிக்குப் போனபோது வெளிச்சமும் போய்விட்டது. அக்கா சத்தம் போட்டுப் படிக்க, நான் கேட்டுக் கேட்டே டிகிரி வாங்கினேன். பிறகு கம்ப்யூட்டர் திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் வந்தது. அதை வைத்துக்கொண்டு முனைவர் பட்டம் வரை போனேன். வேலை கிடைத்த பிறகுதான் வரன் வந்தது. அவனுக்குச் சொந்தமாக ஒரு லாரி இருந்தது. ஆலத்தியூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றி ஓட்டினான். வீடு அரியலூர் டவுனை ஒட்டி. கண் தெரியாத பெண்ணைக் கட்டிக்கொண்டான் என்று ஊரே அவனைத் தியாகி ஆக்கியது. லாரி ஓடிய வரைக்கும் அவனும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் சுரங்கத்துச் சரிவில் லாரி உருண்டு நொறுங்கியது. அவன் குதித்துத் தப்பித்தான். அதன்பிறகு வீட்டிலேயே உட்கார்ந்தான். காலையில் நான் செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டாலே அவனுக்கு எரிச்சல் வரும்.

முகத்தில் வீக்கத்தோடு வேலைக்குப் போன நாட்கள் உண்டு. யாரும் என்னை எதுவும் கேட்டதில்லை. சரியாகச் சொன்னால், கேள்வியையும் பதிலையும் அவர்களே சொல்லிக்கொள்வார்கள். "முட்டிக்கிட்டீங்களா மேடம்? பாத்து நடக்கக் கூடாதா?" கதவு, தூண், மாடிப்படி என்று ஏதாவது ஒன்றின் மேல் பழி போகும். தையல் போட்ட டாக்டர்கூட, "தனியா எதுக்கும்மா நடமாடறீங்க" என்றுதான் கேட்டார். கண் தெரியாதவளைக் கட்டியவனுக்கு இதைவிடப் பெரிய வசதி வேறென்ன வேண்டும்?

அந்தச் சமயத்தில்தான் பல்கலைக்கழகம் ஊழியர்களுக்கெல்லாம் ஒரே போர்ட்டல் கொண்டுவந்தது. வருகைப் பதிவு, லீவு, மார்க் போடுவது, சம்பளச் சீட்டு எல்லாம் இனிமேல் அதில்தான். பேப்பரில் எழுதிக்கொடுத்தால் வாங்கமாட்டார்கள். முதல் நாள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அதைத் திறந்தேன். ஸ்கிரீன் ரீடர் படித்தது: "பட்டன். பட்டன். படம். பட்டன். இணைப்பு. பட்டன்." எந்தப் பட்டன் எதற்கு என்று ஒன்றுக்கும் பெயர் வைக்கவில்லை. ஊரில் எல்லோரும் முகமூடி போட்டுக்கொண்டு நிற்கிற தெருவில் நுழைந்த மாதிரி இருந்தது. அதற்கும் முன்னால் உள்ளே நுழைய ஒரு பூட்டு. கோணல்மாணலாக எழுதிய எழுத்துகளைப் படமாகக் காட்டுவார்களாம். அதைப் பார்த்து அப்படியே டைப் அடித்தால், நாம் மனிதர்தான், மெஷின் இல்லை என்று அது ஒப்புக்கொள்ளுமாம். நான் என்ன டைப் அடிக்க?

கொஞ்ச நாள் துறையில் யாராவது படித்துச் சொன்னார்கள். அப்புறம் ஒரு சுற்றறிக்கை வந்தது. அடுத்தவர் லாகினைத் தொடுவது குற்றம், தொட்டால் மெமோ. பக்கத்து சீட் மேடம் என் கையைப் பிடித்து, "தப்பா நெனச்சுக்காதீங்க, எனக்கு பயமா இருக்கு. வூட்ல சார்கிட்ட காட்டிப் போட்டுக்குங்களேன்" என்றார்.

வீட்டில் சாரிடம் காட்டினேன்.

பாஸ்வேர்டு அவன் கைக்குப் போனது அப்படித்தான். முதலில் எழுத்துகளை மட்டும் படித்துச் சொன்னான். பிறகு, "தள்ளு, நானே அடிக்கறேன்" என்று லேப்டாப்பை வாங்கிக்கொண்டான். எத்தனை மணிக்கு வகுப்பு முடிகிறது, எந்த நாள் மீட்டிங் என்று எல்லாமே அவனுக்குத் தெரிந்தது. பஸ் தாமதமாகி வந்தால் வாசலிலேயே காத்திருப்பான். "அஞ்சரைக்கே கெளம்புனதா எண்ட்ரி இருக்கு. எங்க போன?" என் முகம் வீங்கிய நாளில் அவனே லீவு போட்டான். காரணம் என்ற இடத்தில் டைப் அடித்துக்கொண்டே எனக்கு வாசித்துக் காட்டுவான்: "பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டேன்." பட்டனைத் தட்டிவிட்டு, "பாத்தியா, உன் வேலையை நான்தான் பாக்கறேன்" என்பான்.

பெரம்பலூரில் அக்கா வீடு. அங்கே தங்கி வேலைக்குப் போய்வருகிறேன் என்று ஒரு காலைவேளையில் அவனிடம் சொன்னேன். கெஞ்சிச் சொல்லவில்லை. காபி கலக்குகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னேன். காப்புச் சத்தம் வரவில்லை. நான் அறைக்குள் போக நிலைப்படியில் இடது கையை வைத்தபோது கதவை ஓங்கிச் சாத்தினான். இரண்டு விரல் கதவிடுக்கில் மாட்டியது. மாட்டியது தெரிந்தும் தோளைக் கொடுத்து அழுத்தினான். "இனிமே எதால டைப் அடிக்கறியோ பாக்கறேன்" என்றான். விரல் உடைகிற சத்தம் வெளியில் கேட்பதில்லை, உடம்புக்கு உள்ளேயிருந்து வருகிறது. நான் கத்தினேனா என்று எனக்கு நினைவில்லை. அவன்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். அங்கே எல்லோரும் கதவைத் திட்டினார்கள்.

கட்டோடு வேலைக்குத் திரும்பிப் போன நாள், மணி அடிப்பதற்குள் எச்.ஆர். ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்கள்.

"என்ன மேடம், சொல்லாமக் கொள்ளாம முடிவெடுத்துட்டீங்க" என்றார் அங்கிருந்தவர்.

"என்ன சார் முடிவு?"

"ராஜினாமா. சொந்தக் காரணம்னு போட்டுருக்கீங்க. பதிவாளர் சாரும் அப்ரூவ் பண்ணிட்டாரே."

"நான் போடல சார்."

"உங்க லாகின்லேர்ந்துதான் மேடம் வந்துருக்கு. உங்க நம்பருக்குத்தான் ஓ.டி.பி. போயிருக்கு." நம்பரைப் படித்தார். அது என் நம்பர் இல்லை, அவனுடையது. என் போன் வருகிற மெசேஜையெல்லாம் சத்தமாகப் படித்துவிடும். அதனால் எப்போதோ மாற்றி வைத்திருக்கிறான்.

வகுப்புக்குப் போகவில்லை. நேரே பஸ் ஏறி வீட்டுக்குப் போனேன். சர்டிபிகேட்டுகளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும், ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டேன். அவன் கூடத்தில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டதும் சொல்லிக்கொண்டதெல்லாம் மறந்துபோனது.

"நீங்கதானே ராஜினாமா போட்டீங்க?"

"ஆமா." டி.வி. சத்தத்தைக் குறைத்தான். "வேலைக்குப் போறதுனாலதான இந்தத் திமிரு."

"எடுத்துடுங்க. போட்ட மாதிரியே வாபஸ் வாங்கிடுங்க."

"கண்ணு இருந்தா நீயே எடுத்துக்கடி."

காப்பு உரசியது. தலையைக் குனிந்தேன். உச்சந்தலையில் விழுந்தது. இன்னொன்று காதில். மூன்றாவது வந்தபோது அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். உடைந்த விரல் தீயாக எரிந்தது. கட்டை விரலுக்குக் கீழே இருக்கிற சதை என் வாய்க்கு நேராக இருந்தது. கடித்தேன். அவன் மறு கையால் முதுகில் குத்தினான், முடியைப் பிடித்து இழுத்தான், சுவரில் மோதினான். நான் விடவில்லை. வாய் நிறைய உப்பும் இரும்பும் கலந்த ருசி. அவன் அலறிய அலறல் எனக்கு நன்றாக இருந்தது. இப்போது நினைத்தாலும் அப்படித்தான் இருக்கிறது.

அவன் தரையில் உட்கார்ந்ததும் வாசல் பக்கம் ஓடினேன். கைத்தடி உள்ளேயே கிடந்தது. எதிர் வீட்டு அம்மா என்னை நடுத்தெருவில் பிடித்து, என் முகத்தைத் துடைத்துவிட்டு, "இந்த ரத்தம் உன்னுதா அவன்துதா?" என்று கேட்டார். "அவன்து" என்றேன். "நல்லதாப் போச்சு" என்று ஆட்டோ கூப்பிட்டார்.

மகளிர் காவல் நிலையத்தில் எழுதிக்கொண்ட பெண் போலீஸ் பொறுமையாகத்தான் கேட்டார். கடைசியில் பேனாவைக் கீழே வைத்தார். "கண்ணு தெரியாதுங்கறீங்க. அப்ப அடிச்சது அவருதான்னு எப்படிம்மா உறுதியாச் சொல்றீங்க?"

"இத்தனை வருஷம் வாங்குன கை மேடம். எனக்குத் தெரியாதா? போய் அவன் கையைப் பாருங்க, என் பல்லு இருக்கும்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அக்கா பெரம்பலூரிலிருந்து வந்து மேசையைத் தட்டிய பிறகுதான் புகார் பதிவானது. அவனைக் கூப்பிட்டு எச்சரித்தார்கள். சமாதானமாகப் போகச் சொல்லி அனுப்பினார்கள். நான் அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். அன்றிலிருந்து அவனை 'நீங்க' என்று நான் சொன்னதில்லை.

ராஜினாமா அப்படியே இருந்தது. நோட்டீஸ் காலம் ஓடிக்கொண்டிருந்தது. பதிவாளரைப் பார்க்க வராந்தா பெஞ்சில் காத்திருந்தேன். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து யாரையோ வாய்க்குள் திட்டிக்கொண்டிருந்தார். இயற்பியல் லேப் அட்டெண்டர். குரல் தெரியும், பேசியதில்லை. இளவயதில் கல்குவாரியில் வேலை பார்த்திருக்கிறார். வெடிக்காத டெட்டனேட்டர் ஒன்று கையிலேயே வெடித்து இரண்டு கை விரல்களையும் கொண்டுபோய்விட்டது.

"நீங்க எதுக்குண்ணே வந்துருக்கீங்க?"

"மெமோ குடுத்துருக்கானுவோ தங்கச்சி. மெஷினை உதைச்சுட்டேனாம்."

"எந்த மெஷினை?"

"ரேகை வெக்கற மெஷினு. டெய்லி காலைல 'ப்ளீஸ் ட்ரை அகெய்ன், ப்ளீஸ் ட்ரை அகெய்ன்'ங்குது. விரல் இருந்தாத்தான ட்ரை பண்றதுக்கு? மாசக்கணக்கா நான் ஆப்செண்ட்டு. நேத்து பொறுக்கல, ஒரே உதை. செவுத்துலேர்ந்து தொங்குது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடிபட்ட காது வலித்தது, ஆனாலும் சிரித்தேன். அவர் என் கட்டைப் பார்த்துவிட்டு, "கதவா?" என்றார்.

"புருஷன்" என்றேன். வெளியில் ஒருவரிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் எழுந்தார். "வா, சேந்தே போவோம்" என்றார்.

பதிவாளர் கெட்டவர் இல்லை. சட்டம் தெரிந்தவர், அவ்வளவுதான். "கையெழுத்துன்னா பொய்க் கையெழுத்துன்னு சொல்லலாம்மா. லாகின்னா லாகின்தான். பாஸ்வேர்டை நீங்க குடுத்ததே தப்பு."

"குடுக்காம என்ன சார் பண்றது? நீங்க கட்டுன வாசல்ல நான் நுழைய முடியாது."

"அதெல்லாம் கம்ப்யூட்டர் சென்டர்ல சொல்லுங்க. இப்ப ராஜினாமா விஷயம் வேற."

எனக்குள் ஏதோ அறுந்தது. புதிதாக வாங்கிய கைத்தடியால் அவர் மேசையை ஓங்கி அடித்தேன். மேலே கண்ணாடி விரித்திருப்பது எனக்குத் தெரியாது. நொறுங்கித் தெறித்தது. யாரோ ஓடிவந்து என் தோளைப் பிடித்தார்கள். அட்டெண்டர் அண்ணன், "பொம்பளை மேல கையை வெச்ச, மூஞ்சி இருக்காது" என்று பிடித்தவரைத் தள்ளினார்.

"வேற இல்ல சார், ரெண்டும் ஒண்ணுதான்" என்று கத்தினேன். "இப்பவே ஸ்கிரீன் ரீடர் இருக்கற லேப்டாப்பைக் கொண்டாரச் சொல்லுங்க. உங்க எல்லார் முன்னாடியும் நான் ராஜினாமா போடறேன். யாரும் உதவக் கூடாது. நான் போட்டுட்டா, அது என் ராஜினாமா. போய்டறேன்."

கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து ஒரு இளம்பெண் வந்தாள். போர்ட்டலைப் பார்த்துக்கொள்வது அவள்தான். நான் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஸ்கிரீன் ரீடர் குரலை அறை முழுக்கக் கேட்க வைத்தேன். "பட்டன். பட்டன். படம்." கோண எழுத்துப் படத்துக்கு வந்ததும் குரல் "படம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றது. நான் என்னென்னவோ அடித்தேன். அது திருப்பி அனுப்பியது. மறுபடி அடித்தேன். மறுபடி அனுப்பியது. ஏ.சி. ஓடுவதும் யாரோ கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்குவதும் மட்டும் கேட்டது.

"என்னால இந்தச் சுவரைத் தாண்ட முடியலன்னு இப்பப் பாத்துட்டீங்க" என்றேன். "அப்ப அன்னைக்குத் தாண்டுனது யாரு சார்?"

அந்தப் பெண்தான் முதலில் வாயைத் திறந்தாள். "சார், மேடம் இதைப் போட்டுருக்கவே முடியாது சார்." அவள் குரல் உடைந்திருந்தது. என் மேல் இரக்கமா, தன் வேலை மேல் கோபமா தெரியவில்லை.

ராஜினாமாவை நிறுத்திவைத்தார்கள். போர்ட்டலைச் சரிசெய்யச் சொல்லி பதிவாளர் உத்தரவு போட்டார். சோதித்துப் பார்க்க நானும் அட்டெண்டர் அண்ணனும். உடைந்த கண்ணாடிக்கு எனக்கும் ஒரு மெமோ வந்தது. அதை அக்கா மகள் படித்துக் காட்டினாள்.

அந்தப் பெண்ணும் நானும் முதல் வாரமெல்லாம் சண்டைதான் போட்டோம். "ரெண்டு பேருக்காக எல்லாத்தையும் பிரிச்சுப் போட முடியுமா மேடம்?" என்பாள். "எங்களைத் தெருவுல நிறுத்திட்டுத்தானேம்மா ஆயிரம் பேருக்குக் கட்டுன" என்பேன். எங்காவது தப்பாக நிரப்பினால் அந்தக் கட்டம் சிவப்பாகும் என்றாள். சிவப்புக்குக் குரல் உண்டா என்று கேட்டேன். கீபோர்டை மேசையில் அறைந்துவிட்டு வெளியே போனாள். டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்து, எந்தக் கட்டத்தில் என்ன தப்பு என்று வார்த்தையாகச் சொல்லவைத்தாள்.

பிறகு அவளுக்கே ஒரு வெறி பிடித்துக்கொண்டது. மானிட்டரை அணைத்துவிட்டு, குரலை மட்டும் கேட்டுத் தன் லீவைத் தானே போட்டுப் பார்ப்பாள். முடியாமல் ஆங்கிலத்தில் கெட்ட வார்த்தை சொல்வாள். ஒவ்வொரு பட்டனுக்கும் பெயர் வந்தது. கோண எழுத்துப் படம் போனது. நான் தேடிக்கொண்டிருக்கும்போதே வெளியே தள்ளிவிடுகிற நேரக்கெடு நீண்டது. நாள்காட்டியில் மவுஸால் தேதியைக் குத்தவேண்டியிருந்த இடத்தில் தேதியை டைப் அடிக்க முடிந்தது. படமாக ஸ்கேன் பண்ணிப் போட்ட சுற்றறிக்கைகள் எழுத்தாக வந்தன. அண்ணனுக்கு மவுஸ் பிடிக்க வராது. கீபோர்டை மட்டும் வைத்தே எல்லா இடத்துக்கும் போக வழி செய்தாள். வருகைக்கு ரேகைக்குப் பதில் அட்டை கொடுத்தார்கள். கடைசியாக அவள் செய்ததுதான் பெரிது. போன் நம்பரை மாற்றவோ ராஜினாமா கொடுக்கவோ ஆள் நேரில் வந்து சொல்லவேண்டும். அதை அமல்படுத்திய அன்று என் பாஸ்வேர்டை நானே மாற்றினேன். அவன் நம்பரை நீக்கினோம்.

நீக்கியதும் அவன் போனுக்குத் தகவல் போயிருக்கிறது. எங்களுக்கு அது தோன்றவே இல்லை.

மறுநாள் மதியம் நாங்கள் மூவரும் கம்ப்யூட்டர் சென்டரில் இருந்தோம். அவன் அரியலூரிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறான், லாரி டயர் கழற்றுகிற லிவரை சாக்குப்பையில் சுற்றிக்கொண்டு. வாட்ச்மேன், "மேடம் வூட்டுக்காரரா, போங்க சார்" என்று வழி காட்டியிருக்கிறார். கதவு திறந்தது. மூச்சை இழுத்து நிறுத்தியதைக் கேட்டேன். நாற்காலியிலிருந்து அப்படியே கீழே சரிந்தேன். லிவர் என் தலை இருந்த இடத்தில் போய் மானிட்டரைப் பிளந்தது. சில்லு என் கழுத்தில் தைத்தது.

"என்னையவா வெளில தள்ற? என்னையவா?" என்று கத்தினான்.

மேசைக்கு அடியில் நான் சுருண்டு கிடந்தேன். அவன் என் கணுக்காலைப் பிடித்து இழுத்தான். அப்போது அண்ணன் என் மேல் வந்து விழுந்தார். விரலில்லாத இரண்டு கையாலும் என் தலையை மூடிக்கொண்டார். இரண்டாவது அடி அவர் தோளில் விழுந்தது. காய்ந்த முந்திரிக் கட்டை ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். அவர் கத்தவில்லை, "ஹக்" என்று மூச்சை விட்டார், அவ்வளவுதான். மூன்றாவது அடி விழுவதற்குள் அந்தப் பெண் எதையோ தூக்கி அவன் மேல் வீசினாள். யு.பி.எஸ். என்று பின்னால் சொன்னாள். பேட்டரியோடு, அத்தனை கனம். அது அவன் முழங்காலில் பட்டு அவன் விழுந்தான். லிவர் தரையில் உருண்டது.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. பையன்கள், வாட்ச்மேன், டிரைவர்கள். அவனை வராந்தாவுக்கு இழுத்துப் போனார்கள். அடித்தார்கள். செருப்புக்காலால் உதைக்கிற சத்தம், பெல்ட் சத்தம், தலை சுவரில் படுகிற சத்தம். "கண்ணு தெரியாத பொம்பளையை அடிப்பியாடா" என்று ஒருவன் ஒவ்வொரு அடிக்கும் கேட்டான். என் புருஷன் முதலில் திட்டினான். பிறகு கெஞ்சினான். பிறகு ஈரமான ஏதோ ஒரு சத்தம் மட்டும் வந்தது. நான் கதவருகே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நிறுத்துங்கள் என்று நான் சொன்னால் நிறுத்துவார்கள் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. வாங்கியது ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்துகொண்டிருந்தது. எண்ணி முடியட்டும் என்று இருந்தேன்.

அண்ணன்தான் தரையில் கிடந்தபடியே சத்தம் போட்டார். "போதும்டா டேய், செத்துடப் போறான். அவன் செத்தா தங்கச்சிதான் கோர்ட்டுக்கு அலையணும்."

நிறுத்தினார்கள். அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் கழுத்தில் தைத்திருந்த சில்லை எடுக்கப் போனவள், கையை இழுத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நான் எடுத்துக்கொண்டேன்.

இந்த முறை என்னிடம் யாரும் எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. பார்த்தவர்கள் அத்தனை பேர். கொலை முயற்சி வழக்கு நடக்கிறது. ஜாமீனில் வெளியே இருக்கிறான். தாடை கோணிக்கொண்டதால் பேச்சு சரியாக வரவில்லை என்று அக்கா சொன்னாள். விவாகரத்துக்குப் போட்டிருக்கிறேன். அண்ணனுக்குத் தோள்பட்டை எலும்பு கொஞ்சம் உயரமாகச் சேர்ந்துவிட்டது. மழை நாளில் வலிக்கிறது என்பார். என் இரண்டு விரலும் மடங்காது. மற்ற எட்டை வைத்துத்தான் இதை டைப் அடிக்கிறேன்.

அந்த செமஸ்டர் மார்க்கை முதல் தடவையாக நானே போட்டேன். துறை அறையில் தனியாக உட்கார்ந்து, ஒவ்வொரு பதிவெண்ணையும் குரல் சொல்ல, ஒவ்வொன்றாக. முடித்தபோது தோளெல்லாம் கல்லாக இறுகியிருந்தது. சமர்ப்பிக்கவா என்று அது கேட்டது. முதல் பதிவெண்ணிலிருந்து இன்னொரு முறை கேட்டுச் சரிபார்த்தேன். பிறகு தட்டினேன்.

அந்தப் பெண் வேறு வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விட்டாள். போன மாதம் புதிதாகப் பொறுப்பெடுத்தவர்கள் போர்ட்டலை அழகாக்குகிறோம் என்று இரவோடு இரவாக மாற்றிவிட்டார்கள். காலையில் திறந்தேன். "பட்டன். பட்டன். பட்டன்." கம்ப்யூட்டர் சென்டருக்குப் போன் போட்டேன்.

"அடுத்த அப்டேட்ல பாத்துக்கலாம் மேடம்" என்றார் ஒருவர்.

"இன்னைக்கே மாத்தணும்."

"ரெண்டு பேருக்குத்தானே மேடம் பிரச்சினை..."

மீதியைக் கேட்கவில்லை. அண்ணனைக் கூப்பிட்டுக்கொண்டு பதிவாளர் அறைக்கு நடந்தேன். அவர் இப்போது வேறொருவர், மேசையும் வேறு. நடந்ததையெல்லாம் நின்றபடியே சொன்னேன். கதவு, விரல், ராஜினாமா, லிவர், எதையும் விடவில்லை. அண்ணன் சட்டைப் பட்டனைப் பல்லால் கழற்றித் தோளைக் காட்டினார். பதிவாளர் போனை எடுத்தார். நாங்கள் இருவரும் பார்த்துச் சொல்லாமல் இனி ஒரு எழுத்தும் மாறக்கூடாது என்றார். மதியத்துக்குள் பழைய போர்ட்டல் திரும்ப வந்தது. நான் உள்ளே போய் வருகையைப் பதிந்துவிட்டு மூன்று மணி வகுப்புக்குப் போனேன்.